பெட்டியில் 200 வாட், ஃபியூஸில் 10 ஆம்பியர்

கடையில் வாங்கும் கார் ஸ்டீரியோவின் பெட்டியில் ‘50 வாட், 4 சேனல்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும். செட்டை வெளியே எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் 10 என்று பொறித்த சிவப்பு ஃபியூஸ் ஒன்று செருகியிருக்கும். இன்ஜின் ஓடும்போது காரில் கிடைக்கும் மின்னழுத்தம் அதிகபட்சம் 14.4 வோல்ட் அளவில் இருக்கும். பத்து ஆம்பியரால் பெருக்கினால் 144 வாட். அதற்கு மேல் தொடர்ந்து இழுத்தால் ஃபியூஸ் உருகிவிடும். அப்படியிருக்க 200 வாட் ஒலி எங்கிருந்து வரும்?

வராது. பெட்டியில் உள்ள எண்ணுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, அவ்வளவுதான். 14.4ஐ 14.4ஆல் பெருக்கி, ஸ்பீக்கரின் மின்தடையான 4 ஓமால் வகுத்தால் கிட்டத்தட்ட 52 வரும். மின்னழுத்தம் உச்சத்திலேயே நின்று, திசையை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கும் சதுர அலைக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்தும். எந்தப் பாட்டும் அப்படி இருக்காது. மின்னழுத்தம் ஏறி இறங்கும் சைன் அலைக்கு அதில் பாதி, அதாவது 26 வாட்தான் உச்சவரம்பு. உள்ளே இருக்கும் சிப்பின் இழப்பையும் கழித்து, ஒலி சிதையாத அளவில் அளந்தால் சேனலுக்கு 20 வாட்டை ஒட்டித்தான் நிற்கும். கையேட்டில் ஆர்.எம்.எஸ். என்று குறித்திருக்கும் எண் இதுதான். இரண்டு செட்டுகளை ஒப்பிட்டு வாங்குகிறவர் பார்க்க வேண்டியது அந்த எண்ணை.

இந்தக் கணக்குக்குத் தேவைப்பட்டது பத்தாம் வகுப்பு இயற்பியல் மட்டுமே. டேஷ்போர்டுக்குப் பின்னால் நடக்கும் வேலை முழுவதற்கும் ஏறக்குறைய அது போதும். சென்னை ஜி.பி. ரோட்டுக் கடைகளில் கொடுத்தால் கை தேர்ந்தவர்கள் விரைவாகவே மாட்டித் தந்துவிடுவார்கள். ஆனாலும் மின்சாரத்தைப் பாடப்புத்தகத்தில் மட்டும் பார்த்த ஒருவர், ஸ்க்ரூடிரைவரும் மல்டிமீட்டரும் எடுத்துக்கொண்டு ஒருமுறையாவது இந்த வேலையைத் தானே செய்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் வேலை, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுவது. ஏன் மைனஸ்? காரின் இரும்புக்கூடு முழுவதும் மைனஸோடு இணைந்திருக்கிறது. மெக்கானிக்குகள் ‘பாடி எர்த்’ என்பது இதைத்தான். பிளஸ் முனையில் ஸ்பேனரை வைத்துத் திருகும்போது அதன் மறுமுனை பாடியில் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஸ்பேனர் வழியாகவே பாயும். மைனஸை முதலில் எடுத்துவிட்டால், பிளஸ் எங்கே பட்டாலும் மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பிப் போக வழி இருக்காது. திரும்ப மாட்டும்போது மைனஸ் கடைசி. ஏர்பேக் உள்ள காரென்றால் மஞ்சள் உறையும் மஞ்சள் கப்ளரும் போட்ட ஒயர்களைத் தொடவே கூடாது. பேட்டரியைக் கழற்றிய பிறகும் ஏர்பேக்கை வெடிக்கவைக்கும் அளவுக்கு மின்சாரம் அதன் கெபாசிட்டரில் சிறிது நேரம் தங்கியிருக்கும்.

பழைய செட் வெளியே வந்ததும் 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் உள்ள பொந்து தெரியும். ஜெர்மானியத் தர அளவு இது. பின்னர் உலகம் முழுவதற்கும் பொதுவானது. தொடுதிரை செட்டுகளுக்கு உயரம் இரட்டிப்பு, 100 மில்லிமீட்டர். டொயோட்டாவின் பல கார்களில் அகலம் 200 என்பதால் இரு பக்கமும் இடைவெளியை அடைக்கத் தனி ஃப்ரேம் வேண்டும்.

இனி ஒயர்கள். புதிய செட்டிலிருந்து வரும் ஒயர்களின் நிறங்கள் பெரும்பாலும் எல்லாத் தயாரிப்பிலும் ஒன்றே. மஞ்சளில் எப்போதும் 12 வோல்ட் இருக்க வேண்டும். கடிகாரமும் நீங்கள் பதிந்துவைத்த வானொலி நிலையங்களும் அதை நம்பித்தான் இருக்கின்றன. சிவப்பில் சாவியைத் திருப்பினால் மட்டும் 12 வோல்ட் வர வேண்டும். செட்டை விழித்துக்கொள்ளச் சொல்லும் ஒயர் அது. கறுப்பு எர்த். ஆனால் கார் தரப்பிலிருந்து வரும் ஒயர்களின் நிறம் ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு. சில ஃபோக்ஸ்வேகன் கார்களில் கப்ளர் அப்படியே பொருந்தும்; உள்ளே மஞ்சளுக்கும் சிவப்புக்கும் உரிய இடங்கள் மட்டும் மாறியிருக்கும். மாட்டினால் பாட்டு வரும், ஆனால் சாவியை எடுக்கும்போதெல்லாம் செட் எல்லாவற்றையும் மறந்துவிடும். அதனால் மீட்டரால் அளந்த பிறகே எந்த ஒயரையும் இணைக்க வேண்டும். அளக்கும் நேரத்துக்கு மட்டும் பேட்டரியைத் திரும்ப இணைத்து, ஒயர் முனைகளைத் தனித்தனியே டேப் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காருக்கென்றே வரும் கப்ளர் கிடைத்தால் அதை வாங்கிவிடுங்கள். கம்பெனி ஒயரை வெட்டாமல் வேலை முடியும்.

ஸ்பீக்கர் ஒயர்களில்தான் அதிகமான செட்டுகள் உயிரை விடுகின்றன. ஸ்பீக்கரின் மைனஸ் ஒயரும் எர்த்தும் ஒன்றுதானே என்று நினைத்து அதைப் பாடியில் முடிந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பழங்கால செட்டுகள் சிலவற்றில் அது சரியாக இருந்தது. இன்றைய செட்டில் அது சிப்பைக் கொன்றுவிடும். காரணம் எளிது. 14.4 வோல்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பக்கத்திலிருந்து ஸ்பீக்கரைத் தள்ளினால், நடுநிலையிலிருந்து 7.2 வோல்ட் மேலே, 7.2 வோல்ட் கீழே, அவ்வளவுதான் போக முடியும். அதில் கிடைப்பது வெறும் ஆறரை வாட். பொறியாளர்கள் கண்ட வழி, ஸ்பீக்கரின் இரு முனைக்கும் ஒவ்வொரு ஆம்ப்ளிஃபையரை வைப்பது. மரம் அறுக்கும் இருவர் ரம்பத்தின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு, ஒருவர் இழுக்கும்போது மற்றவர் விட்டுக்கொடுப்பதுபோல, ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்குகிறது. ஸ்பீக்கரின் குறுக்கே கிடைக்கும் மின்னழுத்தம் இரட்டிப்பாகிறது. திறன் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் வாட் நான்கு மடங்காகி 26ஐ எட்டுகிறது. ஆக, மைனஸ் என்று பெயரிட்ட ஒயரும் ஓர் ஆம்ப்ளிஃபையரின் வாய்தான். செட் ஓடும்போது ஸ்பீக்கரின் எந்த முனையை எர்த்துக்கு எதிராக அளந்தாலும் மீட்டர் ஆறு, ஏழு வோல்ட் காட்டும். அதை எர்த்தில் முடிவது ஆம்ப்ளிஃபையரை ஷார்ட் செய்வதற்குச் சமம். நல்ல சிப்புகள் உடனே தம்மை அணைத்துக்கொள்ளும். மலிவானவை கருகும்.

பிளஸையும் மைனஸையும் ஒரே ஒரு ஸ்பீக்கரில் மாற்றிக் கொடுத்தால் எதுவும் எரியாது. பாட்டும் வரும். ஆனால் தவிலும் பேஸ் கிதாரும் மெலிந்துபோகும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர், காரைவிடவே நீளம். அதற்கு இடது கதவும் வலது கதவும் ஒரே இடம் மாதிரிதான். ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். 5,000 ஹெர்ட்ஸின் அலைநீளம் 7 சென்டிமீட்டர் மட்டுமே என்பதால் மேல்சுருதிகள் அப்படி மொத்தமாக அழிவதில்லை. அதனால்தான் குறை எங்கே என்று உடனே பிடிபடாது; செட்டே மட்டம் என்று முடிவுகட்டிவிடுவோம். சோதிக்க ஒரு பென்டார்ச் செல் போதும். செட்டிலிருந்து பிரித்த ஸ்பீக்கர் ஒயரில் அதை ஒரு நொடி தொட்டு எடுங்கள். செல்லின் பிளஸ், ஸ்பீக்கரின் பிளஸில் பட்டால் கூம்பு வெளியே தள்ளும்.

இரைச்சலும் ஒரு பழைய எதிரி. 1930இல் அமெரிக்காவில் பால் கால்வினின் நிறுவனம் மோட்டோரோலா என்ற பெயரில் கார் ரேடியோ விற்கத் தொடங்கிய காலத்தில் ஸ்பார்க் பிளக்கின் பொறியே ரேடியோவுக்குள் படபடத்தது. இன்று அதிகம் கேட்பது ஆல்டர்னேட்டரின் கீச்சொலி. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதன் சுருதி ஏறும். ஆல்டர்னேட்டர் தருவது மூன்று கட்ட மாறுமின்சாரம். டையோடுகள் அதை நேராக்கினாலும் சிற்றலைகள் மிஞ்சுகின்றன. ஐட்லிங்கில் ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றுவதாகக் கொண்டால், ஆறு ஜோடி காந்தத் துருவங்கள் உள்ள ஆல்டர்னேட்டரில் விநாடிக்கு 1,200 சிற்றலைகள். காது நன்றாகக் கேட்கும் எல்லைக்குள் அது வருகிறது. செட்டின் எர்த் ஓரிடத்தில், தனி ஆம்ப்ளிஃபையரின் எர்த் வேறிடத்தில் என்று இருந்தால் இரண்டுக்கும் இடையே உள்ள சிறு மின்னழுத்த வேறுபாடு பாட்டோடு கலந்துவிடும். ஃபில்டர் வாங்கச் செலவு செய்வதற்கு முன், எர்த் போல்ட்டின் அடியில் உள்ள பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் இறுக்கிப் பாருங்கள். பல நேரம் அதோடு கீச்சொலி அடங்கிவிடும்.

இணைப்புகளைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன்: முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது போதாது. நம் ஊர் வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு சூட்டில் டேப்பின் பசை இளகி வழியும். சில மாதங்களில் செம்பு வெளியே தெரியும். அளவான கிரிம்ப்பும் அதன்மேல் சூட்டில் சுருங்கும் ஸ்லீவும்தான் நிலைக்கும். சால்டர் செய்தால் ஈயம் ஏறிய இடம் விறைத்து, அதிர்வில் அதன் ஓரத்திலேயே ஒயர் ஒடியலாம். அதனால் ஒயரை அந்த இடத்துக்குப் பக்கத்தில் அசையாதபடி கட்டி நிறுத்த வேண்டும். புதிதாக பிளஸ் ஒயர் இழுத்தால் பேட்டரிக்குப் பக்கத்திலேயே அதற்கொரு ஃபியூஸ் வையுங்கள். ஃபியூஸ் காப்பது ஒயரை; ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் ஒயருக்குக் காவல் இல்லை.

திரை உள்ள செட்டுகளில் ஹேண்ட்பிரேக்குக்கென்று ஓர் ஒயர் வரும். வண்டி ஓடும்போது படம் ஓடாமலிருக்க வைத்தது. அதை நேராக எர்த்தில் முடிந்து ஏமாற்றிவிடலாம். தயவுசெய்து செய்யாதீர்கள்.

புதிய கார்கள் பலவற்றில் சிவப்பு ஒயருக்கு இணையானதே கிடையாது. 1986இல் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேன் பஸ் என்ற இரண்டு ஒயர் பாதையில் காரின் கணினிகள் பேசிக்கொள்கின்றன. சாவி திரும்பிய செய்தியும் அதில்தான் வருகிறது. அந்தக் காருக்கு அந்தச் செய்தியைப் படித்து 12 வோல்ட்டாக மாற்றித் தரும் கேன் அடாப்டர் இல்லாமல் வேலையைத் தொடங்க வேண்டாம்.

எல்லாம் முடிந்து பாட்டு வந்த பிறகும் ஓர் அளவு பாக்கி. சாவியை எடுத்து, கதவுகளை மூடி, பேட்டரியின் மைனஸ் முனைக்கும் அதன் ஒயருக்கும் இடையில் மல்டிமீட்டரை ஆம்பியர் அளவில் வைத்து, காரின் கணினிகள் உறங்கும்வரை காத்திருங்கள். மீட்டர் அங்கே இருக்கும்போது இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடாது. 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் நல்லது. சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி அதில் வாரக்கணக்கில் தாங்கும். மீட்டர் அரை ஆம்பியர் காட்டினால் செட் உறங்கவில்லை என்று பொருள். மூன்றே நாளில் பேட்டரி காலியாகிவிடும். திரும்பவும் செட்டை வெளியே இழுத்து, சிவப்பு ஒயரை எதில் சேர்த்திருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள்.