சேற்றில் இறங்கும் சர்க்கரை நோயாளிகளே, இந்தக் காய்ச்சலில் கவனம் தேவை!

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் டெங்குவா, எலிக்காய்ச்சலா என்று பார்க்கிறோம். நெல் விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு நோயும் உண்டு. அதன் பெயர் மெலியாய்டோசிஸ். அரிதாக வந்தாலும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

எங்கிருந்து வருகிறது?

இந்தப் பாக்டீரியா ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் இயல்பாகவே வாழ்கிறது. 1912-ல் ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசாமி ஆகியோர் இந்நோயை முதன்முதலில் விவரித்தனர். தமிழ்நாடு, புதுச்சேரி, கர்நாடகக் கடலோரப் பகுதிகளிலும் நோயாளிகள் கண்டறியப்பட்டுள்ளனர். கால் வெடிப்பு, சேற்றுப்புண், வெட்டுக்காயம் வழியாகக் கிருமி உடலுக்குள் நுழைகிறது. பலத்த காற்று மழையில் மூச்சு வழியாகவும், சுத்தமில்லாத குடிநீர் மூலமும் வரலாம். ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பொதுவாகப் பரவாது.

யாருக்கு ஆபத்து அதிகம்?

முதலிடம் சர்க்கரை நோயாளிகளுக்கு. சிறுநீரக நோய் உள்ளவர்களும் அதிகமாக மது அருந்துபவர்களும் கவனமாக இருக்க வேண்டும்.

அறிகுறிகள்

கிருமி நுழைந்து பெரும்பாலும் 1 முதல் 21 நாட்களுக்குள் காய்ச்சல், இருமல், தோலில் சீழ்க்கட்டி தோன்றும். கல்லீரல், மண்ணீரலிலும் சீழ் பிடிக்கலாம். ரத்தத்தில் கலந்தால் ரத்த அழுத்தம் திடீரெனக் குறைந்து நிலைமை மோசமாகும். சிலருக்குக் காசநோய் போலவே தெரியும்.

மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

"எனக்குச் சுகர் இருக்கிறது, சேற்று வயலில் வேலை செய்கிறேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். ரத்த கல்ச்சர் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். வழக்கமான பல ஆன்டிபயாடிக் மருந்துகள் இக்கிருமியிடம் பலிக்காது. அதனால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு நாளைக் கடத்தாதீர்கள்.

சிகிச்சை

குறைந்தது 10 முதல் 14 நாட்கள் நரம்பு ஊசி, பிறகு சுமார் 3 மாதம் மாத்திரை தேவைப்படும். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பி வரலாம்.

தடுப்பு முறைகள்

* காலில் புண் இருந்தால் ஆறும் வரை சேற்றில் இறங்காதீர்கள். தவிர்க்க முடியாவிட்டால் தண்ணீர் புகாதபடி கட்டுப் போட்டு, ரப்பர் பூட்ஸ், கையுறை அணியுங்கள்.
* வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்குகளை நன்றாகத் துடையுங்கள்.
* கொதிக்க வைத்து ஆறிய நீரையே வயலுக்குக் கொண்டு செல்லுங்கள்.
* சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வையுங்கள்.

இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை. நடவுக்கு முன் விதையைச் சோதிப்பது போல, உங்கள் பாதங்களையும் சர்க்கரை அளவையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.