கொசு முட்டையில் ஓர் அடையாளம்

ஈக்களைப் போலக் கொசுவும் இருசிறகுப் பூச்சியே. சென்னையில் மலேரியாவைப் பரப்புவது அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் கொசு. மயிலாப்பூர்க் கிணறோ, தியாகராயநகர் மாடித்தொட்டியோ, தெளிந்த நீரே அதற்குத் தொட்டில்.

இதை இனங்காண்பது எப்படி? பெண் கொசுவின் உறிஞ்சுகுழலுக்கு இருபுறமும் குச்சி போன்ற 'பால்ப்பு' உறுப்புகள் உண்டு. அவை குழலளவு நீண்டிருந்தால் அனாபிலிஸ். அவற்றின் நுனிப்பக்கம் இரண்டு அகன்ற வெண்பட்டைகளும், அவற்றிலும் கால்களிலும் வெண்புள்ளிகளும் இருந்தால் ஸ்டீபன்சி.

ஸ்டீபன்சியிலும் வகைகள் உண்டு. முட்டையின் பக்கங்களிலுள்ள மிதவைகளின் வரிமேடுகளை உருப்பெருக்கியில் எண்ணுவார்கள். 14 முதல் 22 வரை இருந்தால் நகரங்களில் நோய் பரப்பும் வகை. 9 முதல் 15 வரை இருந்தால் நோய் பரப்பும் திறன் குறைந்த மைசூரென்சிஸ். இடைப்பட்ட வகையும் உண்டு. எண்கள் கலப்பதால் ஒரு முட்டை போதாது; பலவற்றை எண்ண வேண்டும்.

சாக்கடையில் மருந்து தெளித்தால் இது ஒழியாது. தொட்டியை மூடுங்கள்!