உங்களுக்குத் தெரியுமா? பெரிய டயர் போட்டால் மீட்டர் குறைத்துக் காட்டும்!

சீயமங்கலத்திலிருந்து செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் மூட்டை ஏற்றும் பழைய பிக்கப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டயரில் 215/75 R15 என்று இருக்கிறது. 215 மி.மீ. அகலம், அதில் 75 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், 15 அங்குல ரிம். மொத்த விட்டம் சுமார் 703 மி.மீ.

அதே ரிம்மில் 235/75 போட்டால் விட்டம் சுமார் 733 மி.மீ. ஆகும். மீட்டர் முள் 60-இல் நிற்கும்போது வண்டி ஏறக்குறைய 62.5 கி.மீ. வேகத்தில் ஓடும். கிலோமீட்டரும் குறைவாகவே பதிவாகும்.

அதைவிடப் பெரிய கவலை இழுவைதான். டயரின் உயரம் கூடினால் இழுவை குறையும். மேட்டில் பாரத்தோடு கிளம்பும்போது கிளட்ச் தேயும், பிரேக்குக்கும் வேலை கூடும். பழைய வண்டிக்கு இது உண்மையிலேயே பாரம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கையேட்டில் உள்ள அளவையும் சுமைக் குறியீட்டையும் பார்த்தே வாங்குங்கள். மாட்டியபின் மூட்டை ஏற்றி, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். வெறும் வண்டியில் உரசாத டயர், ஸ்பிரிங் பட்டை அமுங்கியதும் மட்கார்டில் உரசக்கூடும்.