சாவு முந்தியது, சட்டம் பிந்தியது!

மழையில் நனைந்த பாதை. இறங்கிய விமானம் நிற்கவில்லை. எட்டுப் பேர் மாண்டனர்.

2008 ஜூலை 31. அமெரிக்காவிலே, மின்னசோட்டா மாநிலத்து ஓவட்டோனா நகரம். அட்லாண்டிக் சிட்டியிலிருந்து ஆறு பயணிகளோடு வந்தது ஹாக்கர் 800 என்னும் சிறு ஜெட் விமானம். வாடகைக்கு அமர்த்திய வண்டி, தொழில் அலுவலாக வந்த பயணிகள், ஓட்டிவந்தவர் இருவர். எண்மரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

நடந்தது என்ன? பாதையின் நீளம் 5,500 அடி. சக்கரம் தரையைத் தொட்டதும் இறக்கையிலுள்ள தடுப்புத் தட்டுகளை முழுவதும் விரித்திருக்க வேண்டும். அப்போதுதான் காற்று விமானத்தைத் தூக்குவது நிற்கும், பாரம் சக்கரத்தில் இறங்கும், பிரேக் பிடிக்கும். ஈரத் தரையிலே இது உயிர்நாடி! அந்த உயிர்நாடியை உரிய நொடியில் அவர்கள் பிடிக்கவில்லை. போதாக்குறைக்கு, பின்னாலிருந்து காற்று வேறு தள்ளியது.

தரை தொட்டு ஏறத்தாழ 17 வினாடி சென்றபின், தலைமை விமானி மீண்டும் வானேற முனைந்தார். மேலெழும்ப வேகம் வேண்டும். வேகம் பிடிக்கப் பாதை வேண்டும். பாதை ஏது? எல்லை கடந்தபின் எழும்பிய விமானம், பாதைக்கு அப்பால் ஏறத்தாழ 1,000 அடியில் நின்ற வழிகாட்டும் அலைக்கம்பத்தில் மோதி நொறுங்கியது.

பாதை முடியும் இடத்தில் பாதுகாப்புக்கென்றே வெற்றிடம் விடப்பட்டிருந்தது. பிரேக்கை அழுத்தியபடியே ஓடியிருந்தால், பாதையைத் தாண்டியிருக்கும். ஆயினும் அந்த வெற்றிடத்துக்குள்ளேயே நின்றிருக்கும். இது நம் ஊகமன்று. ஆராய்ந்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் முடிவு.

"பிறகென்ன, பிழை விமானியுடையது! கோப்பைக் கட்டுங்கள்!" என்பர் சிலர். விமானியின் முடிவே முதற்காரணம் என்று வாரியமும் கூறிற்று, நாம் மறுக்கவில்லை. ஆனால் வாரியம் அத்தோடு நிறுத்தவில்லையே! இருவருக்கும் போதிய தூக்கமில்லை. களைப்பு கருத்தை மழுக்கியிருக்கும் என்றது. இறங்குமுன் கலந்து பேச வேண்டியதைப் பேசவில்லை. சரிபார்ப்புப் பட்டியலை ஒழுங்காகப் பார்க்கவில்லை என்றது. இருவரும் இணைந்து இயங்கும் பயிற்சியை இத்தகைய வாடகை விமானங்களுக்குக் கட்டாயமாக்காத அரசுத் துறையையும் குற்றக்கூண்டிலே ஏற்றியது.

தோழர்களே, இங்கேதான் நாம் கூர்ந்து நோக்க வேண்டும்! பெரிய விமானக் கம்பெனிகளுக்கு அந்தப் பயிற்சி முன்னரே கட்டாயம். சிறு வாடகை விமானத்துக்கு மட்டும் விலக்கு! பெரிய விமானத்துக்கு ஒரு வானம், சிறிய விமானத்துக்கு வேறொரு வானமா? மழை ஆள் பார்த்துப் பெய்கிறதா?

எச்சரிக்கை இல்லாமலா போயிற்று? 2002 அக்டோபர் 25 அன்று, அதே மின்னசோட்டாவில், எவலத் நகருக்கருகே வாடகை விமானம் விழுந்தது. தொழிலாளர் பக்கம் நின்று வாதாடிய செனட்டர் பால் வெல்ஸ்டோன், அவர் துணைவியார், மகள் உள்பட மாண்டவர் எட்டுப் பேர். இரண்டு விமானிகள் ஓட்டும் வாடகை விமானங்களுக்கும் அந்தப் பயிற்சி தேவை என 2003லேயே வாரியம் பரிந்துரைத்தது. பரிந்துரை படுத்துறங்கியது. 2008ல் ஓவட்டோனாவிலே மேலும் எட்டுப் பிணங்கள்! 2011 ஜனவரியில்தான் விதி பிறந்தது. நிறைவேற்ற 2013 மார்ச் வரை தவணையும் தரப்பட்டது!

முதல் எட்டுப் பேர் மாண்டபோது பரிந்துரை; அடுத்த எட்டுப் பேர் மாண்டபின் சட்டம். இதுதானா ஆளும் அழகு?

விமானத்தில் பறக்காத நமக்கு இதில் என்ன என்று எண்ணாதீர்! லாரியின் சக்கரம் பிடிப்பவரும், ஆலையில் கொதிகலன் காப்பவரும் நம்மவரே. கண்ணயர்ந்தவன் கையில் இயந்திரத்தைத் தருவது யார்? பயிற்சிக்குக் காசில்லை என்பது யார்? விபத்து நேர்ந்ததும் "ஓட்டியவன் குற்றம்" என்று ஒதுங்கிக்கொள்வது யார்?

ஓட்டுபவன் பொறுப்பேற்கட்டும், வேண்டாமென்போம் அல்லோம். அவனுக்கு உறக்கமும் பயிற்சியும் தர வேண்டியவர்களும் அதே கூண்டில் ஏறட்டும்! பிணத்தை எண்ணிய பிறகு பேனாவை எடுக்கும் ஆட்சி, பாதையைத் தாண்டிய பிறகு பறக்க முயன்ற அந்த விமானம் போன்றதே. காலம் கடந்த முயற்சி கரை சேர்க்காது!