ஏய்வா வழிபாடு: கற்பனைச் சமயமொன்றின் இயற்கை நோக்கு

திரைப்படங்கள் படைத்துக்காட்டும் வேற்றுலகச் சமயங்களை ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்வதற்கு நமது கல்வியுலகம் பொதுவாகத் தயங்கியே வந்துள்ளது. வெறும் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், ஒரு சமூகம் தான் இழந்தவற்றையும் இழக்க அஞ்சுபவற்றையும் எவ்வுருவிற் கற்பனை செய்கின்றது என்பது அச்சமூகத்தைப் பற்றிய சான்றேயாகும். இந்நோக்கிலேயே ஜேம்ஸ் கமரனின் ‘அவதார்’ (2009) திரைப்படத்திலும் அதன் தொடர்ச்சியாக 2022இல் வெளிவந்த இரண்டாம் படத்திலும் இடம்பெறும் ஏய்வா வழிபாட்டை இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

பண்டோரா என்னும் துணைக்கோளில் வாழும் நாவி மக்களின் தாய்த் தெய்வம் ஏய்வா. அவர்களது நம்பிக்கையின்படி உயிர்களனைத்திலும் ஓடும் ஆற்றல் ஒன்றே. அது கடனாகப் பெறப்பட்டது. ஒருநாள் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டியது. இறந்தோரின் குரல்களை மரங்களினூடாகக் கேட்கவும் அவர்களால் முடிகின்றது. இங்கே கதையாசிரியர் செய்துள்ள ஒரு காரியம் மனங்கொள்ளத்தக்கது. கதையில் வரும் தாவரவியலாளர், மரவேர்களுக்கிடையேயுள்ள மின்வேதியியற் தொடர்புகள் மனித மூளையின் தொடர்புகளிலும் கூடியவை என விளக்குகின்றார். அதாவது, ஏய்வா நம்பிக்கைப் பொருளன்று, அளவிடத்தக்க பருப்பொருள். வத்திக்கானின் நாளேடு 2010இல் இப்படத்தை இயற்கை வழிபாடென விமர்சித்தபோது இவ்வேறுபாடு போதிய கவனத்தைப் பெறவில்லை என்றே கருதுகின்றோம். அறிவியலின் சான்றிதழைப் பெற்ற பின்னரே தெய்வத்தின் காடு காக்கத் தகுதியுடையதாகின்றது. நவீன மனம் சமயத்தை மதிக்கும் முறையே இதுவோ எனக் கேட்கத் தோன்றுகின்றது.

விலங்குகள் தொடர்பான நோக்கு இதனினும் சிக்கலானது. நாவி மக்கள் வேட்டையாடுவோர், ஊனுண்போர். அம்பு தைத்த விலங்கின் அருகே அமர்ந்து அதற்கு நன்றி கூறி, அதன் உயிர் தெய்வத்திடம் சேர்கவென வேண்டி, விரைந்து கொல்வது அவர்களது மரபு. தேவையின்றி நேரும் கொலை அவர்களுக்குத் துயரமேயன்றி வெற்றியன்று. நாயகனைக் காப்பதற்காக ஓநாய் போன்ற விலங்குகளைக் கொல்ல நேர்ந்த நெய்திரி, அவன் நன்றி கூற முற்படுகையிற் சினங்கொள்வது இதனாலேயே. எனினும் இதனை ‘விலங்குரிமை’ எனல் பொருந்தாது. குதிரை போன்ற விலங்கின் நரம்பிழையோடு தன் பின்னலை இணைக்கும் நாவி, அதன் மூச்சையும் இதயத்துடிப்பையும் உணர்கின்றான்; ஆயின் கட்டளை ஒரு திசையிலேயே செல்கின்றது. பறக்கும் இக்ரானையோ வாயைக் கட்டி, மடக்கி வீழ்த்திய பின்னரே இணைக்கின்றனர். உணர்வொருமை என்று படம் போற்றும் இவ்வுறவில் ஆதிக்கத்தின் சாயல் இல்லையென்று நாம் கூறமாட்டோம்.

இரண்டாம் படத்தில் வரும் துல்குன் என்னும் பெருங்கடல் விலங்குகள் வேறொரு வினாவை எழுப்புகின்றன. முன்னொரு காலத்தில் தமக்குள் போரிட்டு அழிந்த அவை, கொல்லாமையைத் தம் நெறியாக ஏற்றவை, தற்காப்புக்கேனும் கொல்வதில்லை. மனித வேட்டைக் கப்பல்கள் அவற்றைக் கொன்று, முதுமையைத் தடுக்கும் நீர்மத்தை மூளையிலிருந்து எடுத்துக்கொண்டு, மலைபோன்ற உடலை வீசியெறிகின்றன. திமிங்கில வேட்டையின் வரலாற்றை அறிந்தோருக்கு இக்காட்சி கற்பனையாகத் தோன்றாது. எதிர்த்துப் போரிட்ட பயகான் என்ற துல்குனை அதன் இனமே விலக்கிவைக்கின்றது. கொல்லாமை கொலையாளிக்கு வசதியாகிவிடுமிடத்து அந்நெறி எவரைக் காக்கின்றது? அடக்கப்பட்டோர் கொலையைக் கற்றுக்கொள்ளும் இவ்வவலத்தை உர்சுலா லெ குவின் 1972இலேயே, வியட்நாம் போர்ச் சூழலில், காடே உலகமாகக் கொண்ட ஒரு மக்களைப் பற்றிய தமது குறுநாவலில் இதனினும் ஆழமாகக் காட்டியுள்ளார். கமரனோ பயகானின் சீற்றத்தைக் கண்கவர் காட்சியாக்கிவிட்டு வினாவைக் கடந்து செல்கின்றார்.

முதற் படத்திலும் இத்தகைய நழுவல் உண்டு. ஏய்வா எப்பக்கமும் சாய்வதில்லை, உயிர்ச் சமநிலையை மட்டுமே காப்பவள் என நெய்திரி கூறுகின்றாள். முடிவில் விலங்குகள் திரண்டுவந்து சுரங்கக் கம்பனியின் படையைத் தாக்குகின்றன. மக்களின் ஒழுங்கமைந்த போராட்டம் தோல்வியை நெருங்குமிடத்தில் தெய்வம் வந்து மீட்கின்றது. அத்தெய்வத்திடம் வேண்டியவனும் வெளியிலிருந்து வந்தவனே.

புவியில் நடந்தது வேறு. ஒடிசாவின் நியமகிரி மலையில் பொக்சைற் அகழ முனைந்த வேதாந்தா நிறுவனத்தை டொங்கிரியா கொந்த் பழங்குடியினர் எதிர்த்தனர். அம்மலை அவர்களது தெய்வமான நியம் ராஜாவின் இருப்பிடம். அவர்களது பயிர்ச்செய்கைக்கும் அதுவே ஆதாரம். 2010இல் அவர்கள் சார்பாகச் சர்வைவல் இன்ரநாஷனல் அமைப்பு, அவர்களது நிலை ‘அவதார்’ கதையே எனக் கூறி, கமரனுக்குப் பகிரங்க வேண்டுகோள் விடுத்தது. ஆயின் அம்மலையைக் காத்தது திரைப்படமன்று. 2006ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டத்தையும் அம்மக்களின் சமய உரிமையையும் அடிப்படையாகக் கொண்டு, 2013 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது. தெய்வம் மலையில் உறைகின்றது என்பதற்கு எவரும் மின்வேதியியற் சான்று கேட்கவில்லை. அவ்வாண்டு கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கத்தை நிராகரித்தன.