ஆறு மாத ஜெயிலுக்கு ஜூரி கிடையாதா? அமெரிக்காவின் அவமதிப்பு வழக்கு விதி சொல்வது என்ன?

கொலை, கொள்ளை என எந்தப் பெரிய குற்றமாக இருந்தாலும், அமெரிக்காவில் ஒருவர் குற்றவாளியா இல்லையா என முடிவு செய்யச் சொல்லி ஜூரியைக் கேட்கலாம். பொதுமக்களில் இருந்து தேர்வாகும் குழு அது. அரசியலமைப்பின் 6-வது திருத்தம் தரும் உரிமை. ஆனா, நீதிமன்ற அவமதிப்புன்னு வந்துட்டா கணக்கே வேற.

அவமதிப்பில் இரண்டு வகை

உத்தரவுக்குப் பணிய வைப்பதற்காகச் சிறையில் வைப்பது சிவில் அவமதிப்பு, பணிந்தால் விடுதலை. நடந்து முடிந்த மீறலுக்குத் தண்டனை கொடுப்பது கிரிமினல் அவமதிப்பு. இதில் பிறகு பணிந்தாலும் தண்டனை தண்டனைதான்.

இதுல என்ன சிக்கல்?

யாருடைய உத்தரவு மீறப்பட்டதோ, அதே நீதிமன்றம்தான் விசாரித்துத் தண்டனையும் கொடுக்கும். நீண்ட காலம் இப்படித்தான் நடந்தது. 1968-ல் 'ப்ளூம் எதிர் இல்லினாய்ஸ்' வழக்கு இதை மாற்றியது. ஒருவர் இறந்த பிறகு தயாரிக்கப்பட்ட போலி உயிலை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ததாக ப்ளூமுக்கு 24 மாதச் சிறை, ஜூரி மறுக்கப்பட்டது. அவமதிப்பு வழக்குகளில் நீதிபதியின் சொந்த உணர்ச்சி கலந்துவிடும் ஆபத்தைச் சுட்டிக்காட்டிய உச்ச நீதிமன்றம், கடுமையான தண்டனை என்றால் ஜூரி வேண்டும் எனத் தீர்ப்பளித்தது.

எது கடுமையானது? ஆறு மாதத்துக்கு மேல் சிறை என்றால் ஜூரி. அதற்குள் என்றால் 'சிறு குற்றம்', நீதிபதியே போதும்.

ஜூரி வந்தா எல்லாம் சரியாகிடுமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. 1962-ல் கறுப்பின மாணவர் ஜேம்ஸ் மெரிடித்தை மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேர்க்கச் சொன்ன உத்தரவைத் தடுத்தார் ஆளுநர் ராஸ் பார்னெட். அவமதிப்பு வழக்கில் அவர் ஜூரி கேட்டார். அன்றைய தென் மாநிலங்களில் ஜூரி என்றாலே பெரும்பாலும் வெள்ளையர்கள்தான். அவர்கள் அவரைத் தண்டிப்பார்களா? 1964-ல் 5-4 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அவருக்கு ஜூரி உரிமை இல்லை என்றது.

இப்போதும் தொடரும் சர்ச்சை

குடியேறிகளைப் பிடித்துவைக்கத் தடை விதித்த உத்தரவை மீறியதாக, அரிசோனாவின் முன்னாள் ஷெரிப் ஜோ அர்பையோ 2017-ல் குற்றவாளி எனத் தீர்ப்பானது. அவர் கேட்டும் ஜூரி கிடைக்கவில்லை. தண்டனை அறிவிக்கும் முன்பே டிரம்ப் மன்னிப்பு வழங்கினார்.

ஈக்வடார் எண்ணெய் மாசு வழக்கில் செவ்ரான் நிறுவனத்துக்கு எதிராகப் போராடிய வழக்கறிஞர் ஸ்டீவன் டான்ஸிகருக்கும் ஜூரி மறுக்கப்பட்டது. 2021 அக்டோபரில் ஆறு மாதச் சிறை விதிக்கப்பட்டபோது, அவர் ஏற்கெனவே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வீட்டுக்காவலில் இருந்திருந்தார். அந்தக் காலம் 'ஆறு மாத' கணக்கில் சேரவில்லை.

இந்தியாவில்?

கிரிமினல் வழக்குகளில் ஜூரி முறையே இங்கு இல்லை. 1971 நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின்படி அதிகபட்சம் ஆறு மாதச் சிறை. சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்து கொல்கத்தாவுக்கு மாற்றப்பட்ட நீதிபதி சி.எஸ்.கர்ணனுக்கு 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு விதித்ததும் அதே ஆறு மாதம்தான்.

சட்டத்தின் பார்வையில் ஆறு மாதம் 'சிறிய' தண்டனை. ஆனால், வேலையை இழக்கவும் வழக்கறிஞர் தொழிலே கேள்விக்குறியாகவும் அது போதும். அமெரிக்காவில் இந்தக் கோட்டை மாற்றச் சொல்பவர்கள் கேட்பதும் அதைத்தான்: அவ்வளவு இழப்பு இருக்கும்போது, சம்பந்தமில்லாத 12 பேரிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன?