தம்மவர் என்னும் எண்ணம்

எட்டயபுரத்தில் நடுநிசியில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரிக்கோ தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ கொண்டு ஓடுகிற நாம், அங்கே நர்ஸம்மாள் ஏன் எரிந்து விழுந்தாள் என்பதைப் பல நாள் பேசித் தீர்க்கிறோமேயன்றி, அவள் முகத்தில் சிரிப்பு வற்றிய காரணத்தை ஆராய்வதில்லை.

ஆராய்ந்தவர்கள் உண்டு. 1974-ல், நியூயார்க் நகரத்து இலவச வைத்தியசாலையில் பணியாற்றிய மனோதத்துவ நிபுணர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர், ஆர்வத்தோடு தொண்டுக்கு வந்தவர்களே சில காலத்தில் கரிந்துபோவதைக் கண்டு எழுதினார். 1981-ல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் அதற்கு மூன்று லக்ஷணங்களை வகுத்தனர்: உள்ளம் வறண்டுபோதல், நோயாளியை ஜடமாகப் பாவித்தல், தன் உழைப்பால் பயனில்லை என்று கருதுதல். உலக சுகாதார ஸ்தாபனமும் 2019-ல் இதை நோயென்று சொல்லாமல், உத்தியோகத்தில் விளையும் நிலையென்றே வரையறுத்தது.

ஆனால் வேலைப்பளு ஒன்றையே குற்றம் சொல்லிவிட முடியாது. லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றை ஆராய்ந்து இசபெல் மென்சீஸ் 1960-ல் வெளியிட்ட கட்டுரை வேறொன்றைக் காட்டியது. மரணத்தையும் வேதனையையும் அருகிருந்து பார்க்கும் மனம் கலங்காதிருக்கவென்று, நர்ஸுகளை அடிக்கடி வார்டு மாற்றியும், பணியைத் துண்டு துண்டாக்கியும், நோயாளியைப் பெயரால் அன்றிக் கட்டில் எண்ணாலும் உறுப்பாலும் குறித்தும் பழக்கிய அந்த ஏற்பாடு, நோயாளியிடம் மட்டுமல்ல, சகாக்களிடமும் பற்று வளரவொட்டாமல் செய்தது. பயிற்சிக்கு வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நடுவிலேயே விலகினர்.

நம் நாட்டில் அந்தப் பற்றை அறுப்பது வேறொரு கத்தி. தமிழ்நாட்டு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் 2015-ல் நியமிக்கப்பட்ட நர்ஸுகள், ஒரே வார்டில், ஒரே வேலையை, நிரந்தர ஊழியர் வாங்குவதில் சிறு பகுதியான 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்துக்குச் செய்து, பொறுக்கமாட்டாமல் 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் திரண்டு போராடினர். பணத்தின் குறை ஒருபுறமிருக்க, பக்கத்தில் நிற்பவளுக்கு நிகரான அந்தஸ்து தனக்கில்லை என்ற எண்ணம் தினந்தோறும் உடன் வருவதே பெருஞ்சோர்வு.

டூட்டி மாறுகையில் ஓவர் கொடுப்பதை, அதாவது அடுத்து வருபவளிடம் பொறுப்பை ஒப்படைப்பதைக் கவனியுங்கள். “மூணாம் கட்டில் பாட்டிக்குச் சர்க்கரை பார்க்கணும், ஏழாம் கட்டிலுக்கு டிரிப் முடியப்போகுது” என்று அவசரத்தில் ஒப்பிப்பதோடு நின்றுவிடலாம். “நீங்க போய்ப் படுங்க அக்கா, மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்” என்ற ஒரு சொல்லும் சேரலாம். அந்தச் சொல் பிறப்பதற்கு வேண்டிய அவகாசத்தையும், ஆள்பலத்தையும், நிலையான நியமனத்தையும், சமமான ஊதியத்தையும் தராமல், ஆண்டுக்கொரு முறை யோகா வகுப்பு நடத்திச் சோர்வைப் போக்க நினைக்கும் நிர்வாகம், தான் செய்யவேண்டிய காரியத்தை ஊழியர் தலையிலேயே கட்டுகிறது.